மனு கொடுக்க வராதவர்கள்

(திருவள்ளூரில் வாசகர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"நம்ம எம்.எல்.ஏ. தொகுதிக்கு என்ன செய்தார்?" என்பதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். தேர்தல் வந்துவிட்டால் டீக்கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை எல்லா இடத்திலும் கேட்கிற கேள்வி. பதில்களும் நமக்கு மனப்பாடம். பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை வைத்தார். நாற்சந்தியில் உயர்கோபுர மின்விளக்குப் போட்டார். கூப்பிட்ட கல்யாணத்துக்கெல்லாம் வந்தார், துக்க வீட்டுக்குக் கூப்பிடாமலே வந்தார். இல்லையென்றால், ஜெயித்துப் போனவர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இவற்றில் எதையும் குறைத்துப் பேச நான் வரவில்லை. சித்திரை வெயிலில் பேருந்துக்குக் காத்து நிற்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு அந்த நிழற்குடை பெரிய காரியம்தான். ஆனால், மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவர் தன் பதவிக் காலத்தில் எதை முதலில் வைக்க வேண்டும் என்று கேட்டால், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பூண்டியைக் காட்டித்தான் நான் பதில் சொல்வேன்.

பூண்டி ஏரியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மழைக்காலத்தில் மதகு திறந்தால் குடும்பத்தோடு போய் நின்று பார்க்கிறோம். அதன் பெயர்ப் பலகையில் சத்தியமூர்த்தி சாகர் என்று இருக்கும். தீரர் சத்தியமூர்த்தி புதுக்கோட்டைச் சீமையின் திருமயத்தில் 1887இல் பிறந்தவர், காமராஜரின் அரசியல் குரு, மேடையில் ஏறினால் மணிக்கணக்கில் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர். இவ்வளவும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர் சென்னை மாநகராட்சியின் மேயராக இருந்த அந்த ஒரு வருடத்தைத்தான் நாம் போதுமான அளவு படிக்கவில்லை.

1939ஆம் ஆண்டின் இறுதியை நினைத்துப் பாருங்கள். செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டார்கள் என்று காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. ராஜாஜியின் அமைச்சரவையும் விலகியது. சென்னை மாகாணம் கவர்னரின் நேரடி ஆட்சிக்குப் போயிற்று. அந்த நேரத்தில்தான் சத்தியமூர்த்தி மேயர் ஆனார். அன்றைய சட்டப்படி மேயர் பதவி ஒரு வருடத்துக்குத்தான். நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம் இருந்தது. மேயருக்கு இருந்தவை மன்றத்தில் தலைமை நாற்காலி, அங்கி, சங்கிலி, ஒரு குரல். ஒரு வருடத்தை மாலையும் வரவேற்புமாகக் கழித்துவிட்டுப் போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் தண்ணீரைக் கையில் எடுத்தார். சென்னைக்கு 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. மேட்லி என்ற பொறியாளரின் உழைப்பு அது. அதன் பிறகு நகரம் வளர்ந்துகொண்டே போனது. 1941 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 7.77 லட்சம் பேர். ஏரி அதே ஏரி. மழை பொய்த்த வருடங்களில் குழாயடியில் என்ன நடந்திருக்கும் என்பதைச் சென்னையில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், கொசஸ்தலை ஆற்றின் மழைவெள்ளம் எண்ணூரில் கடலில் போய் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளத்தைப் பூண்டியில் மறித்து நிறுத்தினால் நகரத்துக்கு இன்னோர் இருப்பு கிடைக்கும்.

போர்க்காலம். இரும்பும் சிமெண்டும் பணமும் போருக்கே போய்க்கொண்டிருந்தன. அனுமதி தர வேண்டியது எந்த ஆட்சியை எதிர்த்து அவர் வாழ்நாள் முழுவதும் பேசினாரோ அதே ஆட்சி. அந்த ஆட்சியிடமிருந்து அவர் அனுமதி வாங்கினார். 1940 ஆகஸ்டு 8ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறக்குறைய 65 லட்சம் ரூபாய் செலவில் 1944இல் வேலை முடிந்தது. அதற்குள் அவர் தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறை சென்று வந்தார். 1942 ஆகஸ்டில் மறுபடி கைதானார். உடல் நலிந்து 1943 மார்ச் 28ஆம் தேதி காலமானார். நிறைந்த பூண்டியை அவர் பார்க்கவில்லை. இன்று அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996இல் கிருஷ்ணா நதி நீர் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தபோதும் அது வந்து சேர்ந்த இடம் பூண்டிதான். ஒரு வருடப் பதவியில், நிர்வாக அதிகாரம் இல்லாத நாற்காலியில் இருந்துகொண்டு ஒருவர் முதலில் வைத்த காரியம் எண்பது வருடம் தாண்டியும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. பூண்டியிலிருந்து போன தண்ணீரைக் குடித்தவர்களில் எத்தனை பேர் மேயரைப் போய்ப் பார்த்திருப்பார்கள்? எத்தனை பேர் மனு எழுதிக் கொடுத்திருப்பார்கள்? மேயர் பெயர் தெரியாத கைவண்டிக்காரர் வீட்டிலும், அவர் கட்சியைப் பிடிக்காதவர் வீட்டிலும், பிறகு பிறந்த குழந்தைகளின் வீட்டிலும் அந்தத் தண்ணீர் வந்தது. மக்கள் பிரதிநிதியின் வேலையை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: அவர் வாசலுக்கு ஒருநாளும் வராதவருக்கு அவரால் என்ன கிடைத்தது?

இன்னொரு உதாரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். தலைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரையறை. பசியால் பள்ளிக்கு வராத பிள்ளை எந்த அலுவலகத்தில் போய் மனுக் கொடுக்கும்? கொடுக்காதவருக்காகத்தான் அந்தத் தீர்மானம். சில ஆண்டுகளில் அரசு அந்தச் செலவை ஒப்புக்கொள்ளாததால் நின்றுபோனது. ஆனால் காமராஜரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு என்று அந்தக் கோடு நீண்டுகொண்டே வந்திருக்கிறது.

பூண்டியைப் புகழ்ந்துவிட்டு அப்படியே நகர்ந்துவிட்டால் இந்த மண்ணில் நின்று பேசுவதற்கு எனக்கு உரிமை இல்லை. ஏனென்றால் அந்த ஏரிக்கு அடியில் ஊர் இருக்கிறது. சுந்தரர் பாடிய திருவெண்பாக்கம், திருவிளம்பூதூர் என்று வழங்கிய ஊர், நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்ததாகச் சொல்லும் ஊன்றீஸ்வரர் கோயிலை அங்கிருந்து எடுத்துவந்து பூண்டியில் மறுபடி கட்டினார்கள். கோயிலை எடுத்துவர முடிந்தது. வயலை எடுத்துவர முடியாது. அந்த வயல்காரருக்குச் சென்னை மாநகராட்சி மன்றத்தில் கவுன்சிலர் கிடையாது. நகரத்துக்கு ஒரு பிரதிநிதி முதலில் வைத்த காரியத்துக்கு, அவருக்கு ஓட்டுப் போடாத ஊர் விலை கொடுத்தது.

அந்த விலை அன்றோடு முடியவும் இல்லை. 2003-04 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் சென்னைக் குடிநீர் வாரியம் நம் மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்து தண்ணீர் வாங்கியது. கிணற்றுக்காரருக்குப் பணம் வந்தது. பக்கத்து நிலத்தில் கூலி வேலை செய்த பெண்ணுக்கு அந்தப் பருவம் வேலை வரவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடைசியில் கடல்நீர் உள்ளே புகுந்தது. ஒரு காலத்தில் இனித்த கிணறுகள் உப்பாயின. நகரத்துக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் 2010இல் அதே மீஞ்சூர்ப் பக்கத்தில், காட்டுப்பள்ளியில்தான் வந்தது. கொசஸ்தலையில் மணல் அள்ளியதன் கணக்குத் தனி.

இங்கேதான் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து போகும் உறுப்பினர்களின் வேலை வருகிறது. சென்னைக்குத் தண்ணீர் தரக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் தருகிற மண்ணுக்கு எத்தனை தடுப்பணை, எத்தனை ஏரியில் தூர்வாரல், கிணறு வற்றிய பருவத்தில் கூலித் தொழிலாளிக்கு என்ன ஈடு என்று ஒரு நிபந்தனைப் பட்டியலோடு சட்டமன்றத்தில் எழுந்து நிற்க வேண்டியவர்கள் அவர்கள். அந்தக் குரல் கட்சி தாண்டி, ஐந்து பத்து வருடம் விடாமல் ஒலித்திருக்க வேண்டும். அவ்வப்போது ஒலித்தது, விட்டுப் போனது.

சரி, ஒரு சட்டமன்ற உறுப்பினரின் காலை எப்படிப் போகிறது? அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் கூட்டம். ஒருவருக்கு மகனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டும். ஒருவருக்குப் பணிமாறுதல். ஓர் அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோய்விட்டது. பாதிப் பேர் கையில் பட்டா சம்பந்தமான காகிதம். உறுப்பினர் ஒவ்வொன்றையும் வாங்கி, பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, நேர்முக உதவியாளரிடம் தாசில்தாருக்குப் போன் போடச் சொல்கிறார். மத்தியானம் வரை இதே. அவர் உழைக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வாரம் அதே ஊரிலிருந்து அதே பட்டாக் காகிதத்தோடு வேறு பத்துப் பேர் வருவார்கள்.

பட்டா விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 1979இல் தொடங்கி 1987இல் முடிந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தை நம் ஊரில் யூ.டி.ஆர். என்றுதான் சொல்வார்கள். அப்போது பதிவேட்டில் ஏறிய பிழைகள் இன்னும் வீடு வீடாக உட்கார்ந்திருக்கின்றன. தாத்தா பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அரை ஏக்கர் பக்கத்துச் சர்வே எண்ணில் போய்ச் சேர்ந்திருக்கும். ஆண்டாண்டாய்ப் பயிர் செய்த நிலம் புறம்போக்கு என்று வந்திருக்கும். அதைத் திருத்தக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்று படியேற வேண்டும். திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாளில் நிற்பவர்களைப் பாருங்கள். நாற்பது பேர் கையில் நாற்பது மனு. ஆனால் நோய் ஒன்று, அது பதிவேட்டில் இருக்கிறது. இதை உணர்ந்த உறுப்பினர் நாற்பது கடிதம் எழுத மாட்டார். தன் தொகுதியில் எந்தெந்த ஊரிலிருந்து ஒரே மாதிரி மனு திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்வார். அந்த நோட்டோடு ஆட்சியரைப் பார்த்து, அந்த ஊர்களுக்குச் சர்வேயரையும் வட்டாட்சியரையும் கூட்டி வந்து சிறப்பு முகாம் போடச் சொல்வார். ஜமாபந்தியில் அதைக் கேட்பார். சட்டமன்றத்தில் வருவாய்த்துறை மானியக் கோரிக்கை வரும் நாளில் அந்த நோட்டை வைத்துப் பேசுவார். அப்போது மனுக் கொடுத்த நாற்பது பேரோடு, எங்கே போய்க் கேட்பது என்றே தெரியாத அறுபது பேருக்கும் பட்டா சரியாகும்.

கடிதம் வாங்கிப் போனவர் நன்றியோடு இருப்பார், தேர்தலில் ஞாபகம் வைத்திருப்பார். முகாமில் பெயர் திருத்தம் ஆனவருக்கு அது யாரால் ஆனது என்றே தெரியாது. உறுப்பினர்கள் கடிதத்தின் பக்கம் சாய்வதற்கு இது ஒரு காரணம். அந்தச் சாய்வில் நமக்கும் பங்கு உண்டு. நாமே போய் நின்று, "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று கேட்கிறோம். அவர் சொல்லும் அந்த ஒரு வார்த்தையில் வரிசையில் நமக்கு முன்னால் நின்ற ஒருவர் பின்னால் போகிறார்.

அடுத்தது பணம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, கடந்த சில வருடங்களாகத் தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகை. 2021 தேர்தலின்போது தமிழ்நாட்டில் வாக்காளர்கள் ஏறக்குறைய 6.28 கோடி, தொகுதிகள் 234. சராசரியாகத் தொகுதிக்கு 2.68 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், ஒரு வாக்காளருக்கு ஆண்டுக்கு 112 ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 1993 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில் இப்போது ஆண்டுக்கு 5 கோடி. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கு அது. இரண்டிலும் உறுப்பினர் வேலையைப் பரிந்துரைக்கத்தான் முடியும். அனுமதி கொடுத்து, டெண்டர் விட்டு, வேலையை முடிப்பது மாவட்ட நிர்வாகம்.

இந்த நிதியில் கட்டியதில்தான் உறுப்பினர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதனால் இதுதான் அவர் வேலை என்று நாம் எண்ணிக்கொண்டோம். அவர் கையெழுத்துக்கு உள்ள மதிப்பு 3 கோடி. அவர் வாக்குக்கு உள்ள மதிப்பு எவ்வளவு? மாநில அரசின் ஓராண்டுச் செலவு மூன்று லட்சம் கோடிக்கு மேல். அதில் ஒவ்வொரு ரூபாயும் சட்டமன்றம் ஒப்புக்கொண்டால்தான் செலவாகும். கேள்வி நேரம், கவன ஈர்ப்புத் தீர்மானம், வெட்டுத் தீர்மானம், பொதுக் கணக்குக் குழு, மனுக்கள் குழு எல்லாம் உறுப்பினர் கையில் இருக்கும் கருவிகள். நம் அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் பணியிடம் எத்தனை மாதமாகக் காலியாக இருக்கிறது என்று சபையில் ஒரு கேள்வி போனால், பதில் எழுதித் தர ஒரு துறையே கோப்பைப் புரட்ட வேண்டியிருக்கும். நிழற்குடைத் திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் கைத்தட்டல் அந்தக் கேள்விக்குக் கிடைக்காது. கைத்தட்ட வேண்டியவர்கள் நாம்தான்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் எழுதிய கடிதம் இங்கே நினைவுக்கு வருகிறது. தொகுதியில் நெடுநாள் தீராமல் கிடக்கும் பத்துக் கோரிக்கைகளை முன்னுரிமைப்படி எழுதி ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார், கட்சி வேறுபாடு இல்லாமல் 234 பேருக்கும். அதில் எத்தனை நிறைவேறின என்பது அந்தந்தத் தொகுதி மக்கள் கேட்க வேண்டிய கணக்கு. என் கவனம் போவது அதற்கு முந்தைய கட்டத்துக்கு. அந்தப் பத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள்? உங்கள் தெருவில் யாரையாவது கேட்டார்களா? பாலம் முதலிலா, பெண்கள் பள்ளிக்குக் கழிவறை முதலிலா என்று எந்த இடத்தில் விவாதம் நடந்தது? பட்டியல் அலுவலகத்துக்குள் நான்கு பேரால் எழுதப்பட்டால் அந்த நான்கு பேருக்குத் தெரிந்த ஊர்தான் அதில் இருக்கும். இருளர் குடியிருப்பில் பாம்புக்கடிக்கு மருந்து கிடைக்க எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது அதில் பதினோராவதாகக்கூட வராது.

அந்த விவாதம் நடக்க வேண்டிய இடம் ஊராட்சியும் வார்டும். அங்கே நிலைமை எப்படி இருக்கிறது? 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக் காலம் முடிந்தது. ஊரகத்தில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. நம் மாவட்டமும் அதில் சேர்ந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருந்தோம். இடைப்பட்ட வருடங்களில் தனி அலுவலர்கள். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. 2019இல் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. மறுபடி தனி அலுவலர்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர் இல்லை. அப்படித் தட்டக் கதவில்லாத கூட்டமும் சேர்ந்துதான் எம்.எல்.ஏ. வாசலில் நிற்கிறது. வார்டு உறுப்பினர் பார்க்க வேண்டிய சாக்கடை அடைப்பைச் சட்டமன்ற உறுப்பினர் பார்க்கிறார். சட்டமன்றத்தில் அவர் படித்துவிட்டுப் பேச வேண்டிய மசோதாவைப் படிக்க அவருக்கு நேரம் இல்லாமல் போகிறது.

தேர்தல் நடந்த இடத்திலும் நாற்காலி எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்துவிடவில்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்பட ஆறு பேர் 1997 ஜூன் 30ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலித் மக்களுக்கான ஒதுக்கீட்டில் போட்டியிட்டு ஜெயித்ததுதான் முருகேசன் செய்த குற்றம். அது மதுரைப் பக்கம், பழைய கதை என்று நாம் தள்ளிவைக்க முடியாது. 2020 சுதந்திர தினத்தன்று நம் மாவட்டத்தின் ஆத்துப்பாக்கத்தில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலித் பெண் தலைவரைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. சில நாள் கழித்து ஆட்சியர் தலையிட்ட பிறகே அவர் கொடி ஏற்றினார். ஊராட்சிக் கொடிக் கயிற்றைத் தொட விடாதவர்கள், வரவு செலவுப் புத்தகத்தை அவர் கையில் கொடுப்பார்களா? உள்ளாட்சி இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு என்று சட்டம் சொல்லிவிட்டது. எத்தனை ஊரில் கூட்டத்துக்குக் கணவர் வருகிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் முன்னுரிமைப் பட்டியலில் தன் தொகுதியின் ஊராட்சித் தலைவர்கள் எல்லோரும் தங்கள் நாற்காலியில் தாங்களே உட்கார்ந்து வேலை செய்கிறார்களா என்பது கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம். அவர் ஓர் ஊருக்குப் போகும்போது அங்கே தலைவராக இருக்கும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவரையே தலைமை தாங்கச் சொன்னால் போதும்.

நேரம் ஆகிவிட்டது, முடித்துக்கொள்கிறேன். வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் பதவி காலியாக இருந்தாலும் சபை கூட வேண்டும். அது வாக்காளர்களின் சபை. அடுத்த சபைக்குப் போகும்போது மூன்று விஷயம் செய்து பாருங்கள். ஊரில் திரும்பத் திரும்ப வரும் பட்டாப் பிழைகளைச் சர்வே எண்ணோடு ஒரே காகிதத்தில் எழுதித் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஏரி, கிணறு, போர்வெல் நிலவரத்தை எழுதி, உங்கள் ஊர்த் தண்ணீர் வெளியே போகிறதென்றால் பதிலுக்கு ஊருக்கு என்ன வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். கூட்டத்துக்கு வர முடியாத முதியவர்கள், வெளியூரில் செங்கல் சூளையில் இருக்கும் குடும்பங்கள், இவர்களுக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே யாராவது விசாரித்து வந்து சபையில் சொல்லட்டும். நிறைவேறிய தீர்மானத்துக்கு எண் உண்டு. அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்து, நகல் வாங்கிக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரிடம் போங்கள். சொந்தக் காரியத்துக்கான காகிதத்தை அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். எந்த மானியக் கோரிக்கையின்போது இதைப் பேசுவீர்கள் என்று கேட்டு, தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.